பகுத்துச் சொல்லும் மொழி எப்படித் தோன்றியிருக்கும்: கணினி மாதிரி ஒன்றைக் கட்டும் முறை

'வந்தேன்', 'வந்தாய்', 'சென்றாய்' ஆகிய மூன்று சொற்களைக் கேட்டுப் பழகிய குழந்தை, நான்காவதாகிய 'சென்றேன்' என்பதை ஒருவரும் சொல்லித் தராமலேயே ஒருநாள் சொல்லிவிடுகிறது. செயலைக் குறிக்கும் பகுதி தனியாகவும், செய்தவரைக் குறிக்கும் விகுதி தனியாகவும் நிற்பதால்தான் இது முடிகிறது. இலக்கணம் இத்தகைய சொற்களைப் பகுபதம் என்றும், பிரித்தால் பொருள் தராதவற்றைப் பகாப்பதம் என்றும் வகுத்திருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொற்களோடு நிறுத்தாமல் ஒரு மொழி முழுவதற்கும் விரித்துப் பார்க்கலாம். பொருளின் ஒவ்வொரு கூறுக்கும் ஒலியில் ஒரு கூறு அமைந்த மொழியைப் பகுநிலை மொழி என்றும், ஒவ்வொரு முழுப் பொருளுக்கும் பிறவற்றோடு தொடர்பில்லாத ஒரு முழு ஒலிக்கோவை அமைந்த மொழியைப் பகாநிலை மொழி என்றும் இக்கட்டுரை அழைக்கும்.

பகுநிலை எப்படித் தோன்றியது என்பதற்குப் புதைபடிவச் சான்று கிடைக்காது. ஆகவே, எந்தச் சூழ்நிலைகள் ஒன்றுசேர்ந்தால் பகாநிலையிலிருந்து பகுநிலை தானாக உருவாகும் என்பதைக் கணினியில் கட்டிப் பார்ப்பது முக்கியமான ஒரு வழியாகிறது. அப்படிப்பட்ட மாதிரி, வரலாற்றில் இப்படித்தான் நடந்தது என்று நிறுவாது. இந்த நிபந்தனைகள் இருந்தால் போதும் என்பதையும், இன்னின்ன நிபந்தனை நீங்கினால் விளைவும் நீங்கிவிடும் என்பதையும் மட்டுமே காட்டும். அந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு கட்டினால், மிகச் சிறிய மாதிரியும் நிறையச் சொல்லித் தருகிறது. நிரல் எழுதும் அடிப்படைப் பழக்கமும், நிகழ்தகவில் பேயீஸ் தேற்றம் வரையிலான அறிவும் உடையவர்களுக்காக இம்முறை எழுதப்படுகிறது. பைத்தான் போன்ற எந்த நிரல்மொழியும் இதற்குப் போதும்.

எது மாறுகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள்

மொழியின் தோற்றத்தில் மூன்று கால அளவுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒருவர் தம் வாழ்நாளில் கற்பது முதலாவது. ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறை மொழியைப் பெறுவது இரண்டாவது. கற்கும் மூளையே பரிணாமத்தால் மாறுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே மாதிரியில் திணித்தால், கிடைக்கும் விளைவு எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. மார்ட்டின் நோவாக், ஜோஷுவா பிளாட்கின், வின்சென்ட் ஜான்சன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட மாதிரி மூன்றாவது அளவைச் சார்ந்தது: சொல்லப்பட வேண்டிய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் கூறுகளை இணைத்துப் பேசுவோர்க்கு இயற்கைத் தேர்வில் ஆதாயம் கிட்டும் என்று அது காட்டியது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சைமன் கிர்பியும் அவரோடு பணிசெய்தவர்களும் வளர்த்தெடுத்த மாதிரிகளோ இரண்டாவது அளவைச் சார்ந்தவை. அவற்றில் மூளை மாறுவதில்லை; கைமாறிக் கைமாறிச் செல்லும் மொழியே, கற்போருக்கு ஏற்ற வடிவத்தை நோக்கி மாறுகிறது.

இங்கு நாம் கட்டப்போவது இந்த இரண்டாவது வகை. என் கருத்தில், தொடங்குவதற்கு இதுவே பொருத்தமானது. கற்பவரை மாற்றாமல் நிறுத்திவைத்தால், விளைவுக்கு அவரைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது.

உலகத்தைச் சுருக்குங்கள்

பேசப்படும் உலகம் இரண்டு பண்புகளால் ஆனது என்றும், ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு மதிப்புகள் என்றும் கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொண்டால், செயல் 'வருதல்' அல்லது 'செல்லுதல்'. செய்பவர் தன்மை அல்லது முன்னிலை. பொருள்கள் மொத்தம் 4. குறிகளையும் அவ்வாறே சுருக்கி, 'தி', 'மு' என்னும் இரண்டு அசைகளை இரண்டு இடங்களில் வைத்தால், திதி, திமு, முதி, முமு என 4 குறிகள் கிடைக்கும். ஒரு மொழி என்பது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியைக் காட்டும் பட்டியல் மட்டுமே. 4 பொருள்களில் ஒவ்வொன்றுக்கும் 4 வாய்ப்புகள் இருப்பதால், இருக்கக்கூடிய மொழிகள் 256. கிர்பி, மோனிக்கா தமாரிஸ், ஹன்னா கார்னிஷ், கென்னி ஸ்மித் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வின் கணினி மாதிரியும் இதே அளவிலான உலகத்தைத்தான் கொண்டிருந்தது.

இந்த 256 மொழிகளையும் நிரலில் முழுமையாகப் பட்டியலிட்டு வகைப்படுத்துங்கள். எல்லாப் பொருளுக்கும் ஒரே குறியைச் சொல்லும் ஒருசொல் மொழிகள் 4. ஒவ்வொரு பொருளுக்கும் வெவ்வேறு குறி தரும் மொழிகள் 24. அவற்றுள் பகுநிலை மொழிகள் 8, பகாநிலை மொழிகள் 16. பகுநிலை 8 ஆவது ஏன் என்பதைக் கையால் சரிபார்த்துவிடுவது நல்லது: எந்த இடம் செயலைக் காட்டுகிறது என்பதற்கு 2 வழிகள், செயலின் மதிப்புகளுக்கு அசைகளைப் பகிர்வதற்கு 2 வழிகள், செய்பவருக்கு 2 வழிகள். எஞ்சிய 228 மொழிகள் கலப்பானவை. சில பொருள்களை வேறுபடுத்தும், சிலவற்றை வேறுபடுத்தாது. உங்கள் நிரல் தரும் எண்கள் இவற்றோடு ஒத்துப்போகவில்லையெனில் மேலே செல்ல வேண்டாம்.

கற்பவரைக் கட்டுதல்

கற்பவருக்குச் சில பொருள்-குறி இணைகள் கேட்கக் கிடைக்கின்றன. பேசியவர் மனத்திலிருந்த மொழி 256இல் எது என்பதை அவர் ஊகிக்க வேண்டும். பேயீஸ் தேற்றப்படி இதற்கு இரண்டு செய்திகள் தேவை: எதையும் கேட்பதற்கு முன் ஒவ்வொரு மொழிக்கும் அவர் தரும் முன்நிகழ்தகவும், ஒரு மொழி உண்மையெனில் கேட்ட இணைகள் வரக்கூடிய நிகழ்தகவும். இரண்டாவது எளிது. பேசியவர் உரிய குறியையே 0.95 நிகழ்தகவுடன் சொல்கிறார் என்றும், மீதி 0.05 தவறுதலாக மற்ற மூன்று குறிகளுக்கும் சமமாகப் பகிரப்படுகிறது என்றும் கொண்டால் போதும். இந்தச் சிறு இரைச்சலை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஒரே ஒரு முரண்பட்ட இணை, ஒரு மொழியின் நிகழ்தகவை முழுமையாகச் சுழியாக்கிவிடும். மொழி மாறுவதற்கான வழியும் குறுகிவிடும்.

முன்நிகழ்தகவில்தான் கவனம் வேண்டும். சுருக்கமாக விவரிக்கக்கூடிய மொழியைக் கற்பவர் சற்று விரும்புகிறார் என்பதே நம் கொள்கை. மொழியை விதிகளாக எழுதி, அவ்விதிகளில் உள்ள குறியீடுகளை எண்ணுங்கள். ஒருசொல் மொழிக்கு 'தொடர், தி, தி' என்னும் 3 குறியீடுகள் போதும்; இங்கே 'தொடர்' என்பது சொல்லப்படும் முழுக் குறி. பகுநிலை மொழிக்கு 'தொடர், செயற்கூறு, ஆட்கூறு' என்னும் சேர்ப்பு விதிக்கு 3, நான்கு கூறுகளுக்கும் 'வகை, பொருள், அசை' என்று மும்மூன்றாக 12, ஆக மொத்தம் 15. பகாநிலை மொழிக்கு ஒவ்வொரு பொருளுக்கும் 'தொடர், செயல், ஆள், அசை, அசை' என 5 வீதம் 20. இவ்வெண்ணிக்கையே மொழியின் நீளம். முன்நிகழ்தகவில் ஒரு மொழியின் எடையை, 2இன் அடுக்கில் இந்நீளத்தை எதிர்மறையாக வைத்துக் கணக்கிடுங்கள். நீளம் ஒன்று கூடினால் எடை பாதியாகும். கலப்பு மொழிகளுக்கு, அவற்றை விவரிக்கும் மிகக் குறுகிய விதித்தொகுதியைத் தேடி எடுக்க வேண்டும். உலகம் சிறியதாதலால், எல்லா வாய்ப்புகளையும் முயன்று பார்ப்பதே போதும்.

இனி, மூன்றைக் கேட்டு நான்காவதைச் சொல்லும் குழந்தையை இம்மாதிரிக்குள் வைத்துப் பார்ப்போம். வருதல்-தன்மைக்குத் திதி, வருதல்-முன்னிலைக்குத் திமு, செல்லுதல்-முன்னிலைக்கு முமு என்று கேட்டாயிற்று. இரைச்சல் இல்லையெனக் கொண்டால் பொருந்தும் மொழிகள் நான்கே. அவை செல்லுதல்-தன்மைக்குத் தரும் குறியில் மட்டும் வேறுபடும். அது முதி எனில் மொழி பகுநிலை, நீளம் 15. அது முமு எனில், செல்லுதல் யார் செய்தாலும் முமு என்று ஒரே விதியில் அடங்குவதால் நீளம் 14. அது திதி எனில், தன்மை எச்செயலிலும் திதி என்றாகி அதற்கும் நீளம் 14. அது திமு எனில் எதுவும் அடங்காது, நீளம் 20. எடைகளைப் பகிர்ந்து பார்த்தால், பகுநிலைக்கு ஏறத்தாழ 20% மட்டுமே கிடைக்கிறது. பொருள்களைக் குழப்பும் முதலிரு கலப்பு மொழிகளுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 80% போய்விடுகிறது.

இந்தச் சிறு கணக்கை நிரலுக்கு முன்பே கையால் செய்துபார்க்குமாறு வற்புறுத்துகிறேன், ஏனெனில் பலரும் தடுமாறும் இடம் இதுதான். சுருக்கத்தை விரும்பும் கற்பவர் தானாகவே இலக்கணத்தைக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் சுருக்கத்தின் இறுதி எல்லை இலக்கணம் அன்று, எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்பதே.

கைமாற்றுதல்

முதல் தலைமுறைக்குப் பகாநிலை மொழி ஒன்றைச் சமவாய்ப்பாகத் தேர்ந்து கொடுங்கள். அவர் சமவாய்ப்பாக எடுத்த சில பொருள்களுக்குக் குறி சொல்கிறார். அடுத்தவர் அவற்றை மட்டும் கேட்டு, 256 மொழிகளின் பின்நிகழ்தகவையும் (கேட்ட பின் ஒவ்வொரு மொழிக்கும் அமையும் நிகழ்தகவு) கணக்கிட்டு, அந்நிகழ்தகவுப்படி ஒரு மொழியைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் எடுத்துக்கொள்கிறார். பிறகு அவர் பேச, மூன்றாமவர் கேட்கிறார். கேட்கும் இணைகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதுதான் இம்மாதிரியின் உயிர்நாடி. மொழி முழுவதும் ஓர் இடுக்கு வழியாகப் பிழிந்து சென்றாக வேண்டும்.

இடுக்கு என்ன செய்கிறது என்பதைப் பெரிய உலகம் ஒன்றில் எண்களாகவே பார்க்கலாம். 3 பண்புகள், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்புகள் எனில் பொருள்கள் 1000. கற்பவர் கேட்பது 50 இணைகள் என்று வையுங்கள். குறிப்பிட்ட ஒரு பொருள் அந்த 50இல் ஒருமுறையேனும் வந்திருக்கும் நிகழ்தகவு, 0.999இன் 50ஆம் அடுக்கை 1இலிருந்து கழித்தால் கிடைக்கும்: ஏறத்தாழ 4.9%. குறிப்பிட்ட ஒரு பண்பு மதிப்பு ஒருமுறையேனும் வந்திருக்கும் நிகழ்தகவோ, 0.9இன் 50ஆம் அடுக்கை 1இலிருந்து கழித்தால் ஏறத்தாழ 99.5%. பகாநிலைச் சொல் ஒன்று அடுத்த தலைமுறைக்குச் சென்றுசேர வேண்டுமானால் அதுவே கேட்கப்பட்டாக வேண்டும். பகுநிலையின் கூறோ தான் இடம்பெறும் 100 பொருள்களில் எதன் வழியாகவும் சென்றுவிடும். கற்பவருடைய விருப்பம் எதுவாயினும், இடுக்கைக் கடந்து நிலைக்கும் ஆற்றல் கூறுகளுக்கே மிகுதி என்பதை இவ்விரு எண்களும் காட்டுகின்றன. இரண்டு பண்பு, இரண்டு மதிப்பு கொண்ட உலகத்தில் இவ்வேறுபாடு மங்கலாகவே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேறுபடுத்த வேண்டிய தேவை

இடுக்கும் சுருக்கமும் மட்டும் இருந்தால் மொழி ஒருசொல் மொழியாகச் சரியும். அதைத் தடுப்பது, கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டும் என்னும் தேவை. அதை நிரலில் சேர்ப்பதற்கு நேரான வழி, பேசுபவர் குழப்பம் தரும் குறியைத் தவிர்க்கச் செய்வதாகும். அவருடைய மொழியில் ஒரு குறி எத்தனை பொருள்களைக் குறிக்கிறது என்று எண்ணுங்கள். அவ்வெண்ணின் தலைகீழியை, தவிர்ப்பு வலிமை என்னும் அளவின் அடுக்குக்கு உயர்த்தி, அதைக் கொண்டு 0.95ஐப் பெருக்கி, கிடைக்கும் எடைகளின் கூடுதல் 1 ஆகுமாறு சரிசெய்யுங்கள். தவிர்ப்பு வலிமை 3 எனில், ஒருசொல் மொழி பேசுபவரின் குறி 4 பொருள்களைக் குறிப்பதால் எடை 64இல் ஒரு பங்காகி ஏறத்தாழ 0.015 ஆகிறது; மற்ற மூன்று குறிகளின் எடை மொத்தம் 0.05. எனவே அவர் தம் மொழிக்குரிய குறியை 23% வேளைகளில்தான் சொல்வார். ஒவ்வொரு பொருளுக்கும் தனிக்குறி உடையவரோ மாற்றமின்றி 95% வேளைகளில் உரியதையே சொல்வார். ஒருசொல் மொழி இவ்வாறு பேச்சிலேயே சிதைந்துவிடுகிறது.

இப்போது இரண்டு விசைகளையும் தனித்தனியாக அணைத்தும் ஏற்றியும் பார்ப்பதே ஆய்வின் மையம். தலைமுறை மாற்றம் உண்டு, தவிர்ப்பு இல்லை என்பது ஓர் அமைப்பு. தவிர்ப்பு உண்டு, ஆனால் அதே இருவர் தமக்குள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், புதிதாகக் கற்பவர் எவரும் வருவதில்லை என்பது இன்னொன்று. இரண்டும் உண்டு என்பது மூன்றாவது. 2015ஆம் ஆண்டு ஆய்வில், முதல் அமைப்பு குழப்பமான எளிய மொழிகளையும், இரண்டாவது பகாநிலை மொழிகளையும், மூன்றாவது பகுநிலை மொழிகளையும் தந்தன. பழைய இருவருக்குப் பகாநிலையே போதும் என்பது சிந்திக்கத்தக்கது: அவர்கள் எல்லாவற்றையும் முன்பே மனப்பாடம் செய்துவிட்டார்கள், ஒழுங்கு அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை.

நிரலைச் சோதித்தல்

நிரல் பிழையின்றி ஓடுவதும் அது சரியானதாக இருப்பதும் ஒன்றல்ல. நல்வாய்ப்பாக, இம்மாதிரிக்குக் கூர்மையான சோதனை ஒன்று இருக்கிறது. டாம் கிரிஃபித்ஸும் மைக்கேல் கேலிஷும் 2007இல் நிறுவியபடி, ஒவ்வொருவரும் ஒரே ஒருவரிடமிருந்து கற்று, பின்நிகழ்தகவுப்படி குலுக்கி எடுத்து, கற்பவர் கருதும் முறையிலேயே பேசுபவரும் பேசினால், நெடுங்காலத்தில் ஒவ்வொரு மொழியும் தோன்றும் விகிதம் முன்நிகழ்தகவுக்குச் சமமாகிவிடும். தொடக்க மொழி எதுவாக இருந்தாலும் அது மறைந்துபோகும்.

ஆகவே தவிர்ப்பு வலிமையைச் சுழியாக்குங்கள். முன்நிகழ்தகவின் அடியை 2இலிருந்து 1.2ஆகக் குறையுங்கள், 2ஆகவே வைத்தால் ஒருசொல் மொழிகள் மிகுந்து மற்றவை எண்ணத்தக்க அளவில் தோன்றமாட்டா. நீண்ட ஓட்டம் ஒன்றில் ஒவ்வொரு வகையும் எத்தனை தலைமுறைகளில் தோன்றியது என்று எண்ணுங்கள். பகுநிலை மொழிகளின் மொத்தம் பகாநிலை மொழிகளின் மொத்தத்தைப்போல் ஏறத்தாழ 1.24 மடங்கு இருக்க வேண்டும், 1.2இன் 5ஆம் அடுக்கை 8ஆல் பெருக்கி 16ஆல் வகுத்தால் வருவது இதுவே. கேட்கும் இணைகள் 3 என்று வைத்தால், கேட்கக்கூடிய தொகுதிகள் 4096 மட்டுமே. அப்போது குலுக்கல் இல்லாமலேயே, 256க்கு 256 அளவிலான மாறுநிலை அணியை (ஒவ்வொரு மொழியும் அடுத்த தலைமுறையில் எந்த மொழியாக மாறும் என்னும் நிகழ்தகவுகளின் அட்டவணை) துல்லியமாகக் கணக்கிட்டும் ஒப்பிடலாம். இச்சோதனையில் தேறாத நிரலின் வரைபடங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றை நம்பாதீர்கள்.

இத்தேற்றம் ஓர் எச்சரிக்கையையும் உள்ளடக்கியிருக்கிறது. பேசுபவர் குழப்பத்தைத் தவிர்க்கிறார் என்பதைக் கற்பவரும் அறிந்து, தம் கணக்கில் அதைச் சரியாகச் சேர்த்துக்கொண்டால், தேற்றத்தின் நிபந்தனைகள் மீண்டும் நிறைவேறி, மொழி முன்நிகழ்தகவுக்கே திரும்பிவிடும். தவிர்ப்பு என்னும் விசை வேலைசெய்ய வேண்டுமானால், அது கற்பவரின் கணக்குக்கு வெளியே, பேச்சில் மட்டும் நிகழ வேண்டும். எனவே தவிர்ப்பை, நிரலில் பேசுதலைச் செய்யும் செயற்கூற்றில் (function) மட்டும் எழுதுங்கள். கற்கும் செயற்கூறு பழைய 0.95, 0.05 கணக்கையே வைத்துக்கொள்ளட்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரே செயற்கூற்றை எழுதிவிடுவது, நிரலில் ஒருவரித் தவறு. விளைவில் முழு மாற்றம்.

குலுக்கி எடுப்பதற்குப் பதிலாக, பின்நிகழ்தகவு மிகுந்த மொழியையே கற்பவர் எப்போதும் தேர்வதாக மாற்றியும் ஓட்டிப் பாருங்கள். கிர்பி, மைக் டௌமன், கிரிஃபித்ஸ் ஆகியோர் 2007இல் காட்டியதுபோல, அப்போது மிக மெல்லிய விருப்பமும் தலைமுறைகள் வழியாகப் பெருகி வலுத்துத் தெரியும். ஒரு மொழியில் வலுவான ஒழுங்கு இருப்பதால் மூளையிலும் அதற்கு இணையான வலுவான முன்னமைப்பு இருந்தாக வேண்டும் என்று முடிவுகட்ட முடியாது என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

பெரிய உலகமும் அளவுகோலும்

சிறிய உலகம் சோதனைக்கு ஏற்றது, சான்றுக்குப் போதாது. அதில் பொருள்களை வேறுபடுத்தும் 24 மொழிகளில் 8 பகுநிலையாக இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் மூன்றில் ஒன்று பகுநிலையாகவே அமையும். மூன்று குறிகளைக் கேட்டவருக்கு நான்காவது எது என்பது, மீந்திருப்பது ஒன்றே என்பதாலும் தெரிந்துவிடும். இவ்விரு குறைகளும் பெரிய உலகத்தில் நீங்கும். 3 பண்புகள், ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்புகள், ஆக 27 பொருள்கள். மூன்று இடங்களில் மும்மூன்று அசைகள், ஆக 27 குறிகள். வேறுபடுத்தும் மொழிகள் 27இன் வரிசைமாற்றங்கள் அனைத்தும், அதாவது 28 சுழிகள் தொடரும் அளவுக்கு. அவற்றுள் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு பண்பைக் காட்டும் பகுநிலை மொழிகள் 1296 மட்டுமே. இங்கே பகுநிலை தோன்றினால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. அசைகளை இன்னும் கூட்டிக்கொள்வது மேலும் நல்லது.

இத்தனை மொழிகளைப் பட்டியலிட முடியாதாகையால் கற்பவரை மாற்றியாக வேண்டும். நான் பரிந்துரைப்பது இது. குறியின் ஒவ்வோர் இடத்திலும் வரும் அசை எந்தெந்தப் பண்புகளைச் சார்ந்தது என்பதற்கு 8 வாய்ப்புகள் உண்டு: எதையும் சாராதது முதல் மூன்றையும் சார்ந்தது வரை. எதையும் சாராவிட்டால் 1 கட்டம் கொண்ட அட்டவணை போதும். ஒன்றைச் சார்ந்தால் 3 கட்டங்கள், இரண்டைச் சார்ந்தால் 9, மூன்றையும் சார்ந்தால் 27. ஒவ்வொரு கட்டத்திலும் அசைகளின் நிகழ்தகவுக்கு டிரிச்லே பரவலை (நிகழ்தகவுத் தொகுதிகளின்மேல் அமையும் பரவல்) முன்நிகழ்தகவாக வைத்தால், ஒவ்வொரு வாய்ப்புக்குமான மொத்த நிகழ்தகவு நேரடிச் சூத்திரத்தில் கிடைத்துவிடும். கேட்ட இணைகள் குறைவாக இருக்கும்போது பெரிய அட்டவணைகள் அக்கணக்கிலேயே பின்தங்கிவிடும். இக்கற்பவரால் பகாநிலையையும் கற்க முடியும், ஒருசொல் மொழியையும் கற்க முடியும் என்பதைச் சோதனை ஓட்டங்களால் உறுதிசெய்துகொள்ளுங்கள். விடையைத் தவிர வேறெதையும் கற்க இயலாத கற்பவர், விடையைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. இக்கற்பவரும் இடத்துக்கு இடம் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கத்தோடுதான் பிறக்கிறார். ஆகவே நரம்பியல் வலையமைப்பு போன்ற, வேறு வகையில் கற்கும் ஒன்றைக் கொண்டும் அதே ஓட்டத்தைச் செய்து ஒப்பிட வேண்டும்.

பகுநிலையின் அளவைக் கணக்கிட, ஹென்றி பிரைட்டனும் கிர்பியும் 2006இல் முன்வைத்த வடிவ ஒப்புமை அளவு பரவலாகப் பயன்படுகிறது. 27 பொருள்களிலிருந்து 351 இணைகளை எடுங்கள். ஒவ்வோர் இணையிலும் இரு பொருள்களும் எத்தனை பண்புகளில் வேறுபடுகின்றன என்பதையும், அவற்றின் குறிகளை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்ற எத்தனை அசைமாற்றங்கள் வேண்டும் என்பதையும் எண்ணி, இவ்விரு வரிசைகளுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழுவை, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து கூடிக் குறைகின்றன என்பதைக் காட்டும் எண்ணை, காணுங்கள். அதை நேரடியாகப் படிக்க வேண்டாம். பொருள்களுக்குக் குறிகளைப் பலமுறை கலைத்துப்போட்டு, கலைத்தபின் வரும் கெழுக்களின் சராசரியிலிருந்து உண்மைக் கெழு எத்தனை திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். ஒருசொல் மொழிக்கு இவ்வளவை வரையறுக்கவே முடியாது; குறிகளுக்கு இடையே தூரமே இல்லாததால் வகுத்தலில் சுழி வந்து நிரல் எண்ணல்லாத ஒன்றைத் திருப்பித் தரும். அதைச் சுழி என்று பதிவுசெய்துவிட்டால், பகாநிலையும் ஒருசொல் மொழியும் வரைபடத்தில் ஒன்றுபோல் தோன்றும். எத்தனை வெவ்வேறு குறிகள் எஞ்சியிருக்கின்றன என்பதையும் ஒவ்வொரு தலைமுறையிலும் தனியாகப் பதிவுசெய்வதே இதற்குத் தீர்வு.

இவ்வளவின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 'கண்டேன்', 'காண்பேன்' என்பவற்றில் பகுதி விகாரப்படுகிறது. ஆயினும் அவை பகுபதங்களே. ஒலி மாற்றங்களை மட்டும் எண்ணும் அளவு, இத்தகைய மொழியைப் பகுநிலையில் தாழ்ந்ததாகவே காட்டும். நரம்பியல் வலையமைப்புகள் தமக்குள் உருவாக்கிக்கொண்ட மொழிகளை ஆராய்ந்து ராஹ்மா ஷாபூனி முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பொருள்களைச் சரியாகச் சொல்லும் திறனுக்கும் இத்தகைய அளவுகளுக்கும் இடையே எதிர்பார்த்த தொடர்பு காணப்படவில்லை. எனவே கற்பவர் கேட்டிராத பொருள்களைச் சொல்லச் செய்து, கேட்பவர் அவற்றைச் சரியாக இனங்காண்கிறாரா என்று நேரடியாகவும் சோதியுங்கள்.

மனிதரோடு ஒப்பிடுதல்

மாதிரி காட்டுவதை மனிதர்களும் செய்கிறார்களா என்று பார்க்காமல் விடக் கூடாது. கிர்பி, கார்னிஷ், ஸ்மித் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, மேலே சொன்ன 27 பொருள் உலகத்தையே மனிதர்களுக்குக் கொடுத்தது: 3 நிறம், 3 வடிவம், 3 அசைவு. ஒருவர் 14 பொருள்களுக்கான பொருளற்ற சொற்களைக் கற்று, 27க்கும் சொல்ல முயன்றார். அவர் சொன்னவற்றிலிருந்து அடுத்தவருக்குப் பாடம் அமைந்தது. இப்படி 10 தலைமுறைகள். முதல் சோதனையில் சொற்கள் குறைந்துகொண்டே போயின. ஒரு வரிசையில் கிடைமட்டமாக நகரும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்ற நிலை வந்தது. இரண்டாம் சோதனையில், பல பொருளுக்கு நின்ற சொற்களைக் கைமாற்றும்போது ஆய்வாளர்கள் நீக்கிவிட்டனர். அப்போது நிறம், வடிவம், அசைவு ஆகியவற்றுக்குத் தனித்தனி அசைகள் உடைய சொற்கள் உருவாயின. கற்றவர்களோ, தாங்கள் எதையும் வடிவமைக்கவில்லை, கேட்டதை நினைவிலிருந்து ஒப்பிக்கவே முயன்றார்கள். என்னை இத்துறைக்குள் இழுத்ததும் இன்றளவும் வியக்கவைப்பதும் இந்த ஒரு செய்திதான்.

இயற்கையில் பார்க்க விரும்புவோர் நிகராகுவா சைகை மொழியைப் பார்க்கலாம். 1970களின் இறுதியில் காதுகேளாத குழந்தைகள் பள்ளியில் ஒன்றுகூடிய பின் அது உருவானது. உருண்டு கீழே செல்வதைக் காட்ட, அந்நாட்டில் காதுகேட்டு வாயால் பேசுவோரின் கையசைவு உருளுதலையும் இறங்குதலையும் ஒருசேரக் காட்டுகிறது. அம்மொழியில் பின்னால் சேர்ந்த பிள்ளைகளோ உருளுதலுக்கு ஒன்று, இறங்குதலுக்கு ஒன்று எனப் பிரித்து அடுத்தடுத்துக் காட்டுவதை ஆன் செங்காஸ், சொட்டாரோ கிட்டா, அஸ்லி ஓஸ்யூரெக் ஆகியோர் 2004இல் பதிவுசெய்தனர்.

தலைமுறை மாற்றம் கட்டாயமா என்னும் கேள்வியை மட்டும் திறந்தே வைத்திருங்கள். லிமோர் ரவீவ், ஆன்ட்யே மையர், ஷிரி லெவ்-ஆரி ஆகியோர் 2019இல் காட்டியபடி, புதியவர் எவரும் வராத குழுவிலும் பகுநிலை தோன்றியது. ஆனால் அக்குழுவினர் பலரோடு மாறிமாறிப் பேச வேண்டியிருந்தது. பேச வேண்டிய பொருள்களும் வளர்ந்துகொண்டே சென்றன. கேட்டிராததைச் சொல்லியாக வேண்டிய நெருக்கடிதான் இடுக்கின் உட்பொருள் என்றால், அந்நெருக்கடி பிறப்பால் வந்தாலும் உலகம் விரிவதால் வந்தாலும் விளைவு ஒன்றாக இருக்க வேண்டும். இதை உங்கள் நிரலிலேயே சோதிக்கலாம். தலைமுறை மாற்றத்தை அணைத்துவிட்டு, நால்வர் கொண்ட நிலையான குழு ஒன்றை வையுங்கள். 27 பொருள்களில் 8ஐ மட்டும் கொடுத்துத் தொடங்கி, குறிப்பிட்ட சுற்றுகளுக்கு ஒருமுறை புதிய பொருள்களைச் சேருங்கள். பிறகு அதே ஓட்டத்தை, 27ஐயும் முதலிலேயே கொடுத்து மீண்டும் நடத்தி, இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.